நடு ஸ்பீக்கர்

தெருவில் கண்ணாடிக்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் சோதிப்பவர். இருட்டறையில் ஆளை உட்காரவைத்து, வில்லையை மாற்றி மாற்றி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பதுதான் பிழைப்பு. தெரியாததைத் தெரிகிறது என்று புளுகுகிற ஆளை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்று பீற்றிக்கொள்வார். அந்தப் பீற்றலுக்கு ஆப்பு வைத்த கதையையும் அவரேதான் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

தனிக்கட்டையான மாமனார், மகள் சொல்லைத் தட்டமாட்டாமல் இவர்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தார். காது மந்தம். காதுமெஷினைப் போட்டால் உலகமே விசிலடிக்கிறது என்று அதை டிராயரில் படுக்கவைத்துவிட்டார். பொழுதுக்கும் டிவிதான் துணை, அதிலும் பேச்சு புரியவில்லை. ஒருநாள் துணிமணிகளைப் பையில் கட்டி நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அங்க இருந்தாலும் ஊமைப்படம், இங்க இருந்தாலும் ஊமைப்படம். நான் என் வீட்டுக்கே போறேன்மா."

"அப்பாவத் தனியா அனுப்ப எனக்கு மனசில்ல. பேச்சு கேக்கற மாதிரி ஏதாவது பண்ணுங்க" என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரர் யாரையும் கேட்காமல் தள்ளுபடியில், டிவி சத்தத்தைப் பெருக்கித் தரும் ஒரு ஹோம் தியேட்டர் ரிசீவரை வாங்கி வந்தார். ஸ்பீக்கர் இல்லாத ரிசீவர் வாயில்லாப் பூச்சி என்பது பெட்டியைப் பிரித்த பிறகுதான் உறைத்தது.

ஸ்பீக்கர் கடையில் அவரை நாற்காலியில் உட்காரவைத்து விளக்கைக் குறைத்தார்கள். கடைக்காரர் பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தி, "இது தெளிவா சார், அது தெளிவா?" என்றார்.

கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டன. அதைச் சொன்னால் மட்டமாக நினைத்துவிடுவாரோ என்று கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, "ரெண்டாவதுதான். அடியில ஒரு கனம் இருக்கு" என்றார்.

"உங்க ரிசீவருக்கும் அது தோதா இருக்கும். ஆனா பேச்சுதான் முக்கியம்னா நடு ஸ்பீக்கர நல்லதா பாருங்க சார். வசனமெல்லாம் அதுலதான் வரும்."

"தெரியும், தெரியும்" என்றார். தெரியாது. ஆள் உயரத்துக்கு இரண்டு தூண் ஸ்பீக்கர்களும் தரை அதிர ஒரு பெட்டியும் எடுத்துக்கொண்டு, நடு ஸ்பீக்கரை மட்டும் போனால் போகிறதென்று இருப்பதிலேயே சின்னதாக வாங்கினார்.

அன்று மாலை படம் போட்டதும் ஜன்னல் நடுங்கியது. "எப்படி மாமா?" என்று கத்தினார்.

"பிரமாதம் மாப்பிள்ளை. தெளிவா கேக்குது."

சிரிப்புக் காட்சி வந்தது. மனைவி சிரித்தாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு மூச்சு தாமதமாக மாமனாரும் சிரித்தார். கண்ணாடிக்காரருக்குச் சுருக்கென்றது. எழுத்து தெரியாமல், முன்னால் வந்தவன் படித்ததை ஒப்பிக்கிற ஆட்களைத் தினமும் பார்க்கிறவர் ஆயிற்றே. ஸ்பீக்கர் கடையில் தானும் அதே புளுகைத்தான் புளுகினோம் என்று நினைக்க வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் தூண்களின் வாயை அடைத்தார். பூச்சாடிக்குப் பின்னால் கிடந்த நடு ஸ்பீக்கரை எடுத்து, நீள வயர் இழுத்து, மாமனார் நாற்காலியை ஒட்டி முக்காலிமேல் வைத்தார்.

"அவ்வளவு அலைஞ்சு கடைசில இந்தச் செங்கல்தானா?" என்றாள் மனைவி.

வேறொரு படம் போட்டார்கள். இந்த முறை மாமனார்தான் முதலில் சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். மனைவி சந்தோஷமாகப் போய், உள்ளே வைக்கப் பையைத் தூக்கினாள்.

"அது இருக்கட்டும்மா" என்று பையைப் பிடித்துக்கொண்டார் மாமனார். பிறகு ஸ்பீக்கரைத் தட்டிக் காட்டினார். "வசனமெல்லாம் நல்லா கேக்குது. மாப்பிள்ளை, நீங்க பேசறதும் இதுல வருமா?"

கத்திப் பேச அலுப்புப்பட்டு, மாமனார் வந்த நாளிலிருந்து அவரிடம் நாலு வார்த்தை பேசவில்லை என்பது கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. டிவியை அணைத்தார். ஸ்பீக்கரை நகர்த்திவிட்டு, அது இருந்த முக்காலியில் தான் உட்கார்ந்தார்.

"சாப்டீங்களா மாமா?"

"அது அப்பவே ஆச்சு. வேற சொல்லுங்க" என்ற மாமனார், பையை மகளிடம் நீட்டினார்.