புளியமரத்துக் கொக்குகளும் ராஜசிங்கின் ஹெட்லைட்டும்

ஹெட்லைட்டைப் போட்டதும் ராஜசிங் ரோட்டைப் பார்க்க மாட்டார். தெருமுனை வேப்பமரத்தின் உச்சியைப் பார்ப்பார். அங்கே இலைகள் பளிச்சென்று தெரிந்தால்தான் பைக் நகரும். தெரியாவிட்டால் சட்டைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் வெளியே வரும். பேனா இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் உண்டு, ஸ்க்ரூ டிரைவர் இல்லாமல் பார்த்தவர்கள் கிடையாது.

மனிதரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய? எம். புதுப்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக அவருக்கு அண்ணாந்து பார்ப்பதுதான் வேலை. புதிதாகச் செய்த வாணவெடியைச் சாயங்காலம் பொட்டலில் கொளுத்துவார்கள். எவ்வளவு உயரம் போனது, எப்படி விரிந்தது என்று பார்த்து நோட்டில் எழுதுவார். உயரப் போனால் "பாஸு!" தாழப் போனால் "சவம், தூக்கிப் போடு." அதே கண்ணோடு ஹெட்லைட்டையும் பார்த்தால் வேறென்ன ஆகும்?

அவருக்குப் பல்பு மாற்றிக் கொடுப்பவர் விருதுநகர் மெக்கானிக் உதுமான். கடைச் சுவரில் இடுப்பளவில் ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கிறார். டிம் வெளிச்சத்தை அந்தக் கோட்டுக்குக் கீழே இறக்கிய பிறகே சாவியைக் கையில் தருவார்.

"அண்ணாச்சி, கோட்டுக்கு மேல ஏறுச்சுன்னா எதுக்க வாரவுகளுக்குக் கண்ணு தெரியாது. சட்டப்படியும் தப்பு, பிடிச்சா ஃபைன் போடுவாக."

"சரிப்பா, சரிப்பா" என்று நல்ல பிள்ளையாகக் கிளம்புவார் ராஜசிங். அடுத்த திருப்பத்திலேயே வண்டியை ஓரங்கட்டி, திருகாணியைத் திருகி, வெளிச்சத்தைப் பழையபடி மேலே ஏற்றிவிடுவார். சூலக்கரையில் ஒருமுறை போலீஸ்காரர் மடக்கியபோது, "சார், நம்ம லைட்டு வானத்தைப் பார்த்துல்லா போவுது, மனுசங் கண்ணுல எப்படிப் படும்?" என்று நியாயம் கேட்டார். ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டே மறுகையால் ரசீது போட்டுக் கொடுத்தார் அந்தப் புண்ணியவான்.

போன செவ்வாய்க்கிழமை புது எல்.இ.டி. பல்பு. இருட்டத் தொடங்கும் நேரத்தில் ஆனைக்குட்டம் அணை ரோட்டில் வெள்ளோட்டம். அடித்த வெளிச்சத்தில் புளியமரத்தில் அடைந்திருந்த கொக்குகள் அத்தனையும் எழும்பிப் பறந்தன. அடடா, அவர் பட்ட சந்தோஷம்! ரோட்டில் யார் வந்தார், யார் போனார் என்று கேட்டால் தெரியாது. அதே குஷியில் இரண்டு ஊர் சுற்றி வீடு வந்து, மனைவியிடம் கொக்குக் கதையைச் சொல்ல வாசலிலேயே காத்திருந்தார்.

மனைவி ஞானபூரணி ஆனைக்குட்டம் பக்கம் நர்ஸ் வேலை பார்க்கிறார். அன்று ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார். சேலையெல்லாம் சேறு, முழங்கையில் ரத்தம். ராஜசிங் ஓடிப்போய் ஸ்கூட்டரை வாங்கினார்.

"எதுக்க ஒரு வண்டி, லைட்டு மூஞ்சியிலேயே அடிச்சுச்சு. ஒண்ணுந் தெரியல, ஓடைக்குள்ள விட்டுட்டேன். ஏசப்பா கிருபையில கை மட்டுந்தான்."

"எந்த எடுபட்ட பய அவன்?" ராஜசிங் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. "வண்டி நம்பரைப் பார்த்தியா?"

"நம்பர் எங்கன தெரிஞ்சுச்சு? புளியமரத்துக் கொக்கெல்லாம் ஒண்ணு விடாம எந்திரிச்சுப் பறந்துச்சு. அது மட்டுந்தான் தெரிஞ்சுச்சு."

ராஜசிங் தன் பைக்கை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

"கொக்கா? நல்லாப் பார்த்தியா?"

"பின்ன, கோழியா பறக்கும்?"

ராஜசிங் தண்ணீர் கொண்டு வந்தார். காயத்தைக் கழுவிவிட்டார். ஞானபூரணி சொல்லச் சொல்லக் கட்டுப் போட்டார். பிறகு பைக்கை வாசலில் நிறுத்தி லைட்டைப் போட்டார். ஞானபூரணி தானாகவே எதிர்ச் சுவரோரம் போய் நின்றார். வெளிச்சம் நேரே முகத்தில் அடித்தது. ராஜசிங் குத்தவைத்து உட்கார்ந்து திருகத் திருக, அது முகத்திலிருந்து கழுத்துக்கும் கழுத்திலிருந்து இடுப்புக்கும் இறங்கியது.

"போதுமா, பூரணி?"

ஞானபூரணி, கட்டுப் போட்ட முழங்கையை மட்டும் அந்த வெளிச்சத்துக்குள் இறக்கிக் காட்டினார்.

ராஜசிங் குனிந்த தலை நிமிராமல் இன்னும் அரைத் திருகு திருகி, வெளிச்சத்தை இடுப்புக்குக் கீழே இறக்கினார்.