அம்மா பத்திரமா இருக்கிறா

சுவிசில் எல்லாம் இருக்கிறது, கடல்தான் இல்லை. அம்மா வின்டர்தூரில் கண்ணை மூடுமுன் கேட்டது ஒன்றே ஒன்று: "என்னை ஆத்தில கரைச்சுப் போடாதேங்கோ. கடல்ல கரையுங்கோ." எங்கள் வழக்கத்தில் தாய்க்குக் கொள்ளி வைப்பவன் கடைசி மகன். இங்கே சுடலையில் பொத்தானை அழுத்தியவன் நான்தான். சாம்பலும் என் கையால்தான் கடலுக்குப் போக வேண்டும் என்றிருந்தேன்.

செத்தவீட்டுக்கு வந்த அண்ணன் வசிப்பது நோர்வேயின் வடகோடியில், ட்ரோம்சோவில். "கடல் என்ர வாசல்லதானே இருக்கு. அம்மாவை நான் கொண்டு போறன். நீ லீவு எடுத்துக்கொண்டு வா, ரெண்டு பேரும் சேர்ந்து கரைப்பம்" என்றார். தொழிற்சாலையில் எனக்குக் கோடையில்தான் லீவு கிடைத்தது. அதுவரை ஞாயிறுதோறும் தொலைபேசியில் விசாரிப்பேன். "ஓம், ஓம், அம்மா இஞ்ச பத்திரமா இருக்கிறா" என்பார்.

செவ்வந்திப்பூ வாங்கிப் பொதி செய்துகொண்டு போனேன். சும்மா சொல்லக்கூடாது, அழகான நகரம். தெரு முடிகிற இடத்தில் காடு தொடங்கிவிடுகிறது. ஒரு கலைமான் வீதிக்குக் குறுக்கே நின்றுகொண்டு, ஹோர்ன் அடித்தும் அசைய மாட்டேன் என்றது. கோடையில் பொழுதே படாத அந்த ஊரில் அண்ணன் என்னை மலை மலையாக இழுத்துக்கொண்டு திரிந்தார். கடலுக்கு எப்போது என்று கேட்டால், "இண்டைக்குக் காத்து, நாளைக்குப் போவம்." நானும் நம்பினேன், விசரன்.

பூ வாடத் தொடங்கியதும் பொறுமை போய்விட்டது. பூப்பொதியைத் தூக்கிக்கொண்டு நானே கரைக்கு இறங்கினேன். அண்ணனும் அண்ணியும் பின்னால் வந்தார்கள். தண்ணீரைக் கண்டதும் அண்ணி கைகூப்பினார்.

"மாமி, உங்கட சின்ன மகன் வந்திருக்கிறார்."

எனக்குத் தெரியும் என்றே நினைத்திருக்கிறார், பாவம். அண்ணனைப் பார்த்தேன். அவர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"முப்பத்தொண்டாம் நாளுக்குள்ள கரைக்க வேணுமெண்டு ஐயர் சொன்னவர். உனக்குச் சொன்னால் மனம் நொந்துபோவாய் எண்டு..."

"அப்ப ஞாயிறு ஞாயிறாப் பத்திரமா இருந்தது ஆர்?" என்று கத்தினேன். "அம்மாவை வைச்சுப் பொய் சொல்ல வாய் கூசேல்லையோ உங்களுக்கு?"

பிறகு நானே கேட்டேன்: "எந்த இடத்தில விட்டனீங்கள்? அதையாவது காட்டுங்கோ."

அண்ணன் தூரத்தில் தெரிந்த பாலத்துப் பக்கம் கையை நீட்டினார். அதே நேரம் அண்ணி மறுபக்கத்தைக் காட்டினார்.

பொதியை நான் அவிழ்க்கவில்லை. அப்படியே திரும்பக் கொண்டுவந்தேன்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் தொலைபேசி எடுப்பார். "இஞ்ச எல்லாரும் சுகமா இருக்கிறம்" என்பார். அதைக்கூட நம்ப முடியவில்லை.