லேப் ரிப்போர்ட் கேட்ட அப்பா

மனநல மருத்துவத்தில் நோயாளியைவிட அவரைக் கூட்டிக்கொண்டு வருபவரைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சக பாவிகளே, உங்களுக்குத் தெரியாததா?

ஷேடு

அருள்புரத்தில் பனியன் யூனிட் வைத்திருக்கும் ஒருவர், இருபத்து நான்கு வயது மகனோடு வந்தார். பெண் பார்க்கக் கிளம்பிய அன்று, தனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும் என்று மகன் சொல்லிவிட்டானாம். மாத்திரையோ கரண்ட்டோ வைத்து நான் மாற்ற வேண்டும், முடியாவிட்டால் ஏற்கெனவே பேசி வைத்திருக்கும் வெளியூர் மறுவாழ்வு மையம் ஒன்றில் அடைத்துவிடுவாராம்.

அது நோயே இல்லை, மாற்ற மருந்தும் இல்லை, மாற்றப் பார்த்தால் பிள்ளைதான் ஒடிந்துபோவான் என்றேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"ஏனுங்க டாக்டர், ஷேடு மாறுன துணியவே திரும்பச் சாயத்துல ஓட்டிச் சரி பண்றமுங்க, பையனப் பண்ண முடியாதுங்களா?"

கதவுக்கு உள்ளே

அப்பாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மகனிடம் தனியாகப் பேசினேன். ஏற்கெனவே ஒரு டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஒரு மாதம் தூங்கி வழிந்திருக்கிறான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. இப்படி மாற்றப் பார்ப்பது கூடாது என்று கோர்ட்டே சொல்லியாகிவிட்டது, செய்கிற டாக்டரின் பதிவுக்கே ஆபத்து; இருந்தும் செய்கிறார்கள்!

நோயில்லாத உன்னைச் சம்மதமில்லாமல் அடைத்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை என்றேன். அவன் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

"அத எழுத்துல குடுங்க மேடம், லேப் ரிப்போர்ட் இல்லாம எங்கப்பா ஒரு ரோல் துணி கூட உள்ள எடுக்க மாட்டாரு."

சீல்

எழுதினேன். மகன் படித்துச் சரி என்ற பிறகே அப்பாவைக் கூப்பிட்டேன். 'நோய் இல்லை. சிகிச்சை தேவையில்லை. மாற்ற முயல்வது மருத்துவ நெறிக்கும் சட்டத்துக்கும் எதிரானது.' கீழே கையெழுத்து, சீல்.

இரண்டு முறை படித்தார். கடைசி வரியை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். மாட்டேன் என்றேன். கெஞ்சினார், குரலை உயர்த்தினார், வேறு டாக்டரைப் பார்ப்பதாகச் சொன்னார். நல்ல துணியை ரிஜெக்ட் என்று எழுதுகிற லேபுக்கு நீங்கள் துணி அனுப்புவீர்களா என்று கேட்டேன். சீலின் மேல் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பேப்பரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, மகன் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அந்த மையத்துக்காரருக்கு நீயே போன் போட்டு வர்லீன்னு சொல்லீரு கண்ணு, எனக்குப் பேச வராது."

இத்தனை வருடத்தில் நான் குணப்படுத்தியவர்களில் பாதிப் பேர் கூட்டிக்கொண்டு வந்தவர்கள்தான், ஓ.பி. சீட்டு மட்டும் எப்போதும் பிள்ளைகள் பெயரில் இருக்கும்.