ரேஷ்மாவின் தீனிப்பை

ஜஹான் தாத் மாதிரி ஒரு பிடிவாதக்காரனை நான் கண்டதில்லை. பஞ்சாபின் சக்வாலில் எங்கள் இருவர் வீட்டுக்கும் ஒரே கிணறு. வெள்ளைக்காரப் பட்டாளத்திலும் ஒரே பீரங்கி.

மலைப் பீரங்கியை முழுதாகச் சுமக்க எந்த மிருகத்தாலும் ஆகாது. சக்கரம் ஒன்றின் மேல், குழாயின் பின்பாதி ஒன்றின் மேல், முன்பாதி ஒன்றின் மேல் என்று கோவேறு கழுதைகள் சுமந்து வரும். உச்சிக்குப் போய்த் திருகிச் சேர்ப்போம். முன்பாதியைச் சுமந்தவள் ரேஷ்மா. அவளை நடத்தியவன் ஜஹான் தாத்.

கழுதையின் வாயில் கடலை நிரப்பிய தீனிப்பையைக் கட்டாமல் நாங்கள் ரொட்டியைத் தொடக்கூடாது. இவன் அவள் தின்று முடிக்கும்வரை காத்திருப்பான்.

"என்னடா, உன் பெண்டாட்டியா அவ?" என்பார் ஹவில்தார்.

"பெண்டாட்டி உதைக்க மாட்டா. இவ உதைப்பா. பயம் இருக்குல்ல?"

அடேயப்பா, எப்படிச் சிரிப்போம்! அந்தச் சிரிப்புக்கு இப்போதும் ஏங்குகிறேன்.

ஆப்கான் எல்லையில், வஜீரிஸ்தானில் ஒரு நாள் எதிரே இருந்த குன்றிலிருந்து குண்டுகள் வந்தன. ரேஷ்மா மிரண்டு, கயிற்றை அறுத்துக்கொண்டு, எதிரிப் பக்கமாக ஓடைக்குள் இறங்கிவிட்டாள். முன்பாதி இல்லாத பீரங்கி வெறும் இரும்பு. கீழே நம் காலாட்படை மாட்டிக்கொண்டிருந்தது.

"குழாய் அவங்க கையில சிக்கக் கூடாது. கழுதையைச் சுடு!" என்று துரை என்னிடம் கத்தினார். துப்பாக்கியை எடுத்தேன்.

ஜஹான் தாத் என் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, கொஞ்சம் பொறுண்ணே. நான் கூப்பிட்டா வருவா."

தீனிப்பையில் கூழாங்கற்களை அள்ளிப் போட்டான். கடலை தீர்ந்து இரண்டு நாளாகியிருந்தது. குண்டுகளுக்கு நடுவே பாறைமேல் ஏறி நின்று பையைக் குலுக்கி, சாயங்காலம் கூப்பிடும் அதே குரலில், "ஆ, ரேஷ்மா, ஆ!" என்றான்; எங்கள் பாஷையில் 'வா' என்று.

அவள் காதைத் திருப்பினாள். பிறகு சுமையோடு மேட்டில் ஏறி ஓடி வந்தாள். பின்னால் கட்டியிருந்த மற்ற கழுதைகளும் முளையைப் பிடுங்கிக்கொண்டு வந்து சூழ்ந்துகொண்டன. துரைக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பீரங்கியைப் பூட்டினோம், சுட்டோம். காலாட்படை பிழைத்தது. ரேஷ்மா மட்டும் பைக்குள் மூக்கை விட்டு, கல்லை முகர்ந்துகொண்டே நின்றாள். ஜஹான் தாத் தன் ரொட்டியை முழுசாக அவளுக்கு ஊட்டினான்.

"பொய் சொல்லிக் கூப்பிட்டுட்டேன்ணே. நம்பி வந்துட்டா."

"அட போடா, அவ உயிர் பிழைச்சாளே!" என்றேன். அவன் கேட்கவில்லை.

அதன்பின் இருவரும் ஊர் திரும்பி, கிழவர்களாகி, தினமும் கிணற்றடியில் சண்டை போட்டோம். போன குளிர்காலத்தில் அவன் இறந்தபோது, குளிப்பாட்டச் சட்டையைக் கழற்றியவன் நான்தான். சட்டைப்பையில் ஒரு பிடி கடலை இருந்தது.

கடலை மெல்ல அவனுக்கு ஒரு பல்கூடக் கிடையாது.