சேங்கொட்டைப் புள்ளி

மல்லாங்கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு ஜமீன் வீட்டில் பழைய உடுப்புகளைக் கண்ணாடிப் பெட்டிகளில் காட்சிக்கு வைத்தார்கள். எது யார் போட்டது என்று சொல்லும் சீட்டுகளைச் சிவகாசியில் எங்கள் பிரஸ்ஸில்தான் அடித்தோம். ஒட்டப் போனது நான்.

உடுப்புகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அம்மா இருந்தார். இங்கே வராத நாளெல்லாம் பட்டாசுக் கம்பெனி வேலை. விரல் இடுக்கில் வெள்ளி மருந்து மினுங்கியது. அதனால் ஒவ்வொரு பெட்டியைத் திறக்கும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்தார்.

வெள்ளைக் கோட்டுக்கு ‘பெரிய ஜமீன்தார்’ சீட்டை எடுத்தேன்.

“தப்பு அண்ணாச்சி. இது சின்னவுக கோட்டு” என்று காலரைத் திருப்பினார். உள்ளே கறுப்பாக இரண்டு புள்ளிகள்.

“இந்த வீட்டுக்கு வெளுத்தது எங்க ஆளுகதான். துணி மாறிடாம சேங்கொட்டை மையில குறி போடுவாக. மூத்தவுகளுக்கு ஒரு புள்ளி, இளையவுகளுக்கு ரெண்டு. எம்புட்டு வெளுத்தாலும் போகாது.”

“வீட்டுக்காரவுககிட்ட சொல்லலையாம்மா?”

“சொன்னேன். ‘ஒனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா’ன்னாக. காலரைக் காட்டி, ‘இதை நீங்க வாசிங்க பாப்பம்’னேன். ‘பெட்டியை மூடு’ன்னுட்டுப் போயிட்டாக.”

அவர் சிரிக்கவில்லை. தலை மட்டும் நிமிர்ந்திருந்தது. முப்பது வருஷமாக எழுத்தை வைத்துப் பிழைக்கிற எனக்கும் அதை வாசிக்கத் தெரிந்திருக்கவில்லை.

மறுவாரம் புதுச் சீட்டோடு போனேன். ‘சின்ன ஜமீன்தார் கோட்டு’ என்பதற்குக் கீழே, யாரையும் கேட்காமல், இரண்டு புள்ளிகள் அடித்திருந்தேன்.

அந்த அம்மா சீட்டை வாங்கி, புள்ளிகள்மேல் விரலை வைத்து, சத்தமாகவே வாசித்தார்: “சின்னவுக.”