இஞ்சின் ஆறும் வரை

என் கையெழுத்து கோழிக் கிறுக்கலாக இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன் நான். ல, ள, ழ மூன்றும் இன்றைக்கும் எனக்குத் தகராறுதான். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

பத்து காவான் என்ற தோட்டத்தில் டிராக்டர் ஓட்டினேன். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றினால் வண்டி ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும். பதினெட்டு வருடம் அப்படி ஊர்ந்ததாலோ என்னவோ, நாற்பது வயதில் ஒரு டர்போ கார் வாங்கினேன். எனக்கு முன்பு இரண்டு பேர் ஓட்டிய, இரண்டு கதவுள்ள சின்ன ஜப்பான் கார். சிவப்பு நிறம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கடல் பாலத்துக்கு அக்கரையில், தீவில் இருக்கும் டத்தோ கிராமாட்டில் அக்கா, மாமாவோடு அவர்கள் வீட்டிலேயே இருந்தேன்.

காரைப் பார்த்த மெக்கானிக் பானெட்டை மூடிவிட்டுச் சொன்னார்.

"அண்ணே, சின்ன காடிதான், ஆனா நாக்கு நீளம் லா. சூப்பர் பெட்ரோல் மட்டும்தான் குடிக்கும். சாதா ஊத்துனீங்கன்னா இஞ்சின் தட்டும், பிஸ்டன் போயிரும். இன்னொண்ணு, ஓடி வந்த கையோட சாவியத் திருப்பி அடைக்காதீங்க. டர்போ கொதிச்சுக் கிடக்கும். ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விட்டு ஆற வைங்க."

எந்த வாத்தியார் சொன்னதையும் நான் அவ்வளவு ஒழுங்காகக் கேட்டதில்லை. காலையில் கம்பியை உருவி இஞ்சின் எண்ணெய் மட்டம் பார்ப்பேன். மெக்கானிக் சொன்ன கெடுவுக்கு முன்பே எண்ணெய் மாற்றுவேன். தோட்டத்துச் செம்மண் தூசி ஃபில்டரில் அடையும். ஞாயிறுதோறும் அதைக் கழற்றித் தட்டுவேன். ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பேன். ஆனால் வேகமாக ஓட்டியதே இல்லை. பாலத்தில் என்னை லாரிகள்கூட முந்திக்கொண்டு போகும். ஓடக்கூடிய ஒன்று என்னிடம் இருக்கிறது என்பதே எனக்குப் போதுமாக இருந்தது.

சாயங்காலம் வீட்டு வாசலில் இஞ்சினை ஓடவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வரும்.

"உள்ளயே உக்காந்து எந்தப் பொண்ண நெனச்சுக்கிட்டு இருக்கே? எறங்கி வாடா!"

"இஞ்சின் ஆறணும்க்கா."

"அது ஆறுறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிப்போயிரும்."

"விடு லா," என்பார் மாமா. "அவன் கட்டிக்கிட்டதே அதைத்தான்."

போகப்போக அக்கா கணக்காகப் பழகிக்கொண்டார். கார்ச் சத்தம் கேட்டதும் தண்ணீரை அடுப்பில் வைப்பார். இஞ்சின் நின்றதும் தேநீரை ஊற்றுவார். நான் செருப்பைக் கழற்றும்போது மேசையில் ஆவி பறக்கும்.

பிறகு அக்காவுக்குச் சிறுநீரகம் கெட்டது. வீட்டுப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கீழ்த்தள வார்டு, ஜன்னல் ஓரக் கட்டில். ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்தும் இடம். வேலை முடிந்து தினமும் போனேன். போய் என்ன பேசுவதென்று தெரியாது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். "சாப்பிட்டியாடா?" என்று அக்காதான் கேட்பார்.

பதினோராம் நாள் மத்தியானம் தோட்ட அலுவலகத்திலிருந்து ஆள் ஓடி வந்து சொன்னார். மாமா ஃபோன் செய்திருக்கிறார். அக்காவுக்கு மோசம், என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், உடனே வரவேண்டும்.

காரில் பெட்ரோல் முள் அடியில் கிடந்தது. பாலத்தைத் தாண்டி ஆஸ்பத்திரி வரை போகாது. வழியில் இருந்த முதல் நிலையத்தில் நிறுத்தினேன்.

"சூப்பர் இல்லண்ணே. நாளைக்குத்தான் லோரி வரும். சாதா இருக்கு, போடவா?"

சாதாவில் ஒருமுறை ஓடினால் கார் செத்துவிடாது. இன்றைக்கு அது எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மெக்கானிக்கின் குரல்தான் காதில் நின்றது. வேண்டாம் என்று தலையாட்டினேன். பாலத்துக்குத் திரும்பாமல் பட்டர்வொர்த் பக்கம் போனேன். அங்கே சூப்பர் இருந்தது. எனக்கு முன்னால் ஆறு கார்களும் இருந்தன. வரிசையில் நின்றேன்.

அன்றைக்குப் பாலத்தில் முதல்முறையாக அதை மிதித்தேன். ஓடியது. மெக்கானிக் சொன்னதைவிட நன்றாகவே ஓடியது.

ஆஸ்பத்திரியில் அக்காவின் ஜன்னலுக்கு நேரே இடம் கிடைத்தது. நிறுத்தினேன். சாவியைத் திருப்பவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்கக் கை தானாகத் திரும்பியது. இரண்டு நிமிடம். இஞ்சினுக்காகத்தான் உட்கார்ந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான் உண்மை. உள்ளே போகப் பயமாக இருந்தது. பயந்தவனுக்கு அந்த இரண்டு நிமிடம் நல்ல சாக்கு.

இஞ்சினை நிறுத்திவிட்டு உள்ளே போனேன். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாமா என் தோளைப் பிடித்தார்.

"இப்பதான் தம்பி. இப்பதான் போனா. காடிச் சத்தம் கேட்டுக் கண்ணத் தொறந்தா. 'வந்துட்டான், ரெண்டு நிமிஷம் ஆவும்'னு சொன்னா. சிரிச்ச மாதிரி இருந்துச்சு."

மாமா அதை எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். இன்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். வழியில் நான் வேண்டாமென்று விட்ட சாதா பெட்ரோலைப் பற்றி அவருக்குத் தெரியாது.

காரியம் முடிந்த மறுநாளே சாதா ஊற்றினேன். மேட்டில் ஏறும்போது இஞ்சின் தட்டியது. தட்டட்டும் என்று ஓட்டினேன். வாசலுக்கு வந்ததும் சாவியைத் திருப்பி அடைத்தேன். எண்ணெய் பார்ப்பதை விட்டேன். வருடம் திரும்புவதற்குள் பின்னால் நீலப் புகை வந்தது. பழைய இரும்புக் கடைக்காரர் இழுத்துக்கொண்டு போனார். இப்போது பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன்.

நானும் மாமாவும் அதே வீட்டில்தான் இருக்கிறோம். நேற்றுச் சாயங்காலம் மாமா கேட்டார்:

"அம்புட்டு ஆசையா வச்சிருந்தியே தம்பி, அந்தக் காடியை ஏன் அப்படிச் சாவடிச்சே?"

எழுந்து உள்ளே போய்விட்டேன். விடிந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். மாமா கடைக்குப் போயிருக்கிறார். வந்ததும் தேநீர் குடிப்பார். இந்தத் தாள்களை அவர் குவளைக்கு அடியில் வைக்கிறேன். அவர் படித்து முடிக்கும்வரை வெளியே போகாமல் இங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

14.9.1996, சனிக்கிழமை