சித்தூருக்கு டூர் போன கதை

திருப்பதியில் வீடு கட்டிக் குடியிருப்பவள் விடுமுறையைப் பற்றிப் பேசக்கூடாது. ஊர் உலகத்துக்கெல்லாம் விடுமுறை விட்டால் அது எங்கள் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துத்தான் ஆரம்பிக்கும். மொட்டை போட ஒரு கூட்டம், காது குத்த ஒரு கூட்டம், முட்டி வலிக்கிறது என்று புலம்பிக்கொண்டே மலைப்படி ஏறக் கிளம்பும் ஒரு கூட்டம். விடிகாலையில் அத்தனை பேருக்கும் வெந்நீர் வைத்து, இட்லி ஊற்றி, புளிச்சோறு கட்டி அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக இதே பிழைப்பு. "உனக்கு இன்னாமா கொற, பெருமாள் காலடியிலேயே கீற" என்று வருகிறவர்கள் சொல்வார்கள். காலடியில் இருக்கிறவளைத்தான் எல்லோரும் மிதிப்பார்கள் என்று நாக்கு நுனி வரை வரும். விழுங்கிக்கொள்வேன்.

என் வீட்டுக்காரரோடு வேலை பார்ப்பவர்கள் துபாய், தாய்லாந்து என்று பறக்கிறார்கள். இவருக்கு அதில் பிடித்தமில்லை. "நம்ம நாட்லயே பாக்காதது எவ்ளோ கீது" என்பார். அதில் நியாயமும் உண்டு. பாஸ்போர்ட் வேண்டாம். எந்த ஊரில் இறங்கினாலும் தயிர்சாதம் என்று ஒன்று கிடைத்துவிடும். தமிழும் தெலுங்கும் பேசத் தெரிந்திருப்பதால் நாலைந்து மாநிலங்களில் யார் தயவும் இல்லாமல் சண்டை போடலாம்.

ஆனால் உள்நாட்டில் ஒரு பெரிய தொல்லை, போகிற ஊரிலெல்லாம் சொந்தக்காரர்கள் இருந்து தொலைக்கிறார்கள். சொந்தம் இருக்கிற ஊரில் லாட்ஜில் தங்குவது எங்கள் பக்கத்தில் வலியப் போய்ச் சண்டை வாங்குவதற்குச் சமம். ஒருமுறை மைசூர் போனபோது இவருடைய பெரியப்பா மகன் லாட்ஜுக்கே வந்து, "ஏன், நாங்க இன்னா செத்தா பூட்டோம்?" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். அரண்மனையை நான் பார்த்தது ஒரு மணி நேரம். அவர்கள் வீட்டுச் சமையல்கட்டைப் பார்த்தது மூன்று நாள். வெளியே வந்தாலும் நிம்மதி இல்லை. திருப்பதி என்று வாயைத் திறந்தால் போதும், ஆட்டோக்காரர்கூடத் தரிசன டிக்கெட் கிடைக்குமா என்று கேட்டார். வெளிநாட்டில் இதெல்லாம் இருக்காது என்று நினைக்கிறேன். போய்ப் பார்த்ததில்லை.

இந்த வருஷம் ஜூன் மாதம் நான் ஒரே பிடியாக நின்றேன். நாலே நாள். யாருக்கும் சமைக்காமல், யாரையும் "வாங்க" என்று சொல்லாமல், கதவைச் சாத்திக்கொண்டு நாலு நாள் இருக்க வேண்டும். இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று அவரிடம் சொன்னேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேர் வம்சத்திலும் ஒருவர்கூடப் பிழைக்கப் போகாத ஊர் எது என்று யோசித்து, ஊட்டியைக் கண்டுபிடித்தோம். அந்த வாரம் வருவதாக இருந்த மூன்று குடும்பத்தாரிடமும் ஊட்டி போகிறோம், வராதீர்கள் என்று சொல்லியாயிற்று. புத்தூர்ப் பக்கத்து ஊரில் தனியாக மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கும் என் அப்பாவுக்கும், நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன், போன் செய்து சொன்னேன். பால் நிறுத்தி, வீட்டைப் பூட்டி, ஆட்டோவில் ஏறிப் பாதி வழியில் போனுக்குச் செய்தி வந்தது. ரயில் வெயிட்டிங் லிஸ்ட் மூன்றோடு நின்றுவிட்டது. டிக்கெட் இல்லை.

"திரும்பிப் போய்டலாம்" என்றார் அவர்.

"போங்க. போய் நீங்களே இட்லி ஊத்துங்க" என்றேன். நாங்கள் ஊரில் இருப்பது தெரிந்தால் மறுநாளே மூன்று குடும்பமும் வாசலில் நிற்கும். ஆட்டோவை பஸ் ஸ்டாண்டுக்குத் திருப்பச் சொன்னேன். கிளம்பத் தயாராக நின்றது சித்தூர் பஸ். ஏறிவிட்டோம்.

சித்தூரைச் சுற்றிப் பார்க்கப் போனவர்கள் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். லாட்ஜ் கவுண்டரில் இருந்தவர் தெலுங்கில் என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டார். டூர் என்றேன். "சித்தூருகா?" என்று என்னை ஒருமுறை, இவரை ஒருமுறை பார்த்துவிட்டு, ஆதார் கார்டை இரண்டாவது தடவை வாங்கிப் பார்த்தார்.

அந்த முதல் நாளைப் போல ஒரு நாள் என் கல்யாணத்துக்குப் பிறகு வந்ததில்லை. பத்து மணி வரை தூங்கினேன். தோசையை அறைக்கே கொண்டுவந்தார்கள். அது மாம்பழ சீசன், ஊர் முழுக்கப் பழவாசனை அடித்தது. ஊட்டியில் இது கிடைக்குமா என்று அவரைச் சீண்டினேன். சாயங்காலம் தெருத்தெருவாக நடந்தோம். எங்களை நிறுத்தி "எப்ப வந்தீங்க?" என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை.

இரண்டாம் நாள் மத்தியானம் பஸ் ஏறி ஊரைத் தாண்டிப் போனோம். அங்கே மாம்பழ ஜூஸ் ஃபேக்டரி ஒன்றின் வாசலிலிருந்து டிராக்டர்கள் ரோட்டோரமாக வரிசைகட்டி நின்றன. தோப்புக்காரர்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு, தங்கள் முறை வரும் வரை பழத்தோடு காத்திருக்க வேண்டும். ஒரு டிராக்டரின் பெட்டிக்கு அடியில், நிழலில், துண்டை விரித்துப் படுத்திருந்தார் என் நைனா.

எனக்கு முதலில் வந்தது பாசம் இல்லை, பயம். பொய் வெளுத்துவிட்டதே என்ற பயம். திரும்பி நடந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அதற்குள் அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"இன்னாமா, ஊட்டிக்குப் போல?"

"டிக்கெட் கெடைக்கல நைனா. எத்தினி நாளா இங்க கீற?"

"நேத்து காலைல வந்தேன். இன்னிக்கு சாயங்காலம் உள்ள உட்ருவாங்க."

வரிசையில் ஆள் இல்லாவிட்டால் இடம் போய்விடும். அதனால் என் வீட்டுக்காரர் டிராக்டரில் உட்கார்ந்துகொள்ள, நான் நைனாவை லாட்ஜுக்கு அழைத்துப் போனேன். குளித்தார். சாப்பாடு வரவழைத்தேன். கட்டிலில் உட்காரச் சொன்னால், வேட்டியில் மாங்காய்ப் பால்கறை இருக்கிறது என்று தரையிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். மூன்று சீசனாக அவர் திருப்பதி வீட்டுக்கு வரவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. தோப்பு வேலை என்று போனில் சொல்வார், நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

"இவ்ளோ தூரம் வந்து ரோட்ல படுக்கற. சீசன் முடிஞ்சாவது திருப்பதிக்கு வந்து ரெண்டு நாள் இருந்துட்டுப் போனா இன்னா நைனா?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "கடைசியா அங்க வந்தப்போ நான் பின்னால கொழாயில கால் கழுவிகினு இருந்தேன். நீ போன்ல பேசிகினு இருந்த. ‘இது வீடா சத்திரமா, வர்றவங்க எப்பதான் போவாங்களோ’ன்னு. உன் மேல தப்பு இல்லமா. நீயும் எத்தினி பேருக்குத்தான் செய்வ?"

நான் சொன்னதுதான். இன்னாரைப் பற்றி என்று இல்லை, யாரிடமோ பொதுவாகப் புலம்பியது. ஆனால் அன்று எங்கள் வீட்டில் இருந்த விருந்தாளி அவர் ஒருவர்தான். உன்னைச் சொல்லவில்லை நைனா என்று சொல்ல வாய் திறந்தேன்; அழுகைதான் வந்தது. அவர் கை கழுவிவிட்டு வந்து என் தலையில் ஈரக் கையை வைத்தார்.

"அட, இதுக்குப் போய் அழுவுறியே. நாளைக்கும் இங்கதான இருப்பீங்க? நிம்மதியா இருந்துட்டுப் போங்க. உங்கள இங்க பாத்தேன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லமாட்டேன்."

கூடவே வருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். மாப்பிள்ளை வெயிலில் உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கிப் போனார்.

மீதி இரண்டு நாளும் எங்கள் கதவை யாரும் தட்டவில்லை.